சட்டைப் பையில் இருந்த பல்பு

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம் எங்கள் பூனை கோப்பி செத்துப்போனது. காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டுத் தோட்டத்தில், ரம்புத்தான் மரத்தடியில் நானேதான் புதைத்தேன். மனைவி மரகதத்திடம் “எங்கேயோ ஓடிப்போச்சு” என்று சொல்லிவைத்தேன். அவ்வளவு பெரிய வீரன் நான். அவள் தினமும் மாலையில் தோட்டத்தில் பால் வைத்துக் காத்திருந்தாள். விடிந்தால் கிண்ணம் காலி.

குடிப்பது மரநாய்தான் என்று படம் பிடித்துக் காட்டிவிட்டால் காத்திருப்பதை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். யூனுஸ் பாய் கடையில் மூன்று கேமராக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எல்லாம் புரிந்தவனைப் போலத் தலையாட்டி, ஒன்றை வாங்கினேன்.

“கேமராவுல இருந்து கிண்ணத்துக்கு முன்னால கயிறு கட்டுங்கண்ணே. கால் பட்டா ஃபிளாஷ் பல்பு மின்னி, படம் விழுந்துடும்” என்றார் பாய்.

கட்டினேன். காலையில் கயிறு இழுபட்டிருந்தது. பல்பு மட்டும் என் சட்டைப் பையிலேயே புத்தம் புதிதாக இருந்தது. மாட்ட மறந்துவிட்டேன்.

ஆனால் பாய் கழுவிக் கொடுத்த படத்தில் பட்டப்பகல் வெளிச்சம். கோப்பி பால் குடித்துக்கொண்டிருந்தது.

“வரும்னு சொன்னேன்ல?” என்றாள் மரகதம். “முதுகெல்லாம் மண்ணு, பாருங்க.”

அன்று மாலை பாலை நானே ஊற்றினேன். பக்கத்தில் ஒரு பழைய துண்டையும் விரித்தேன். காலையில் துண்டில் கொஞ்சம் மண் இருந்தது. நடுவில் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.