ஒரு வேளையும் தவறாமல்

டாக்டர் உறையைக் கிழித்து உள்ளே இருந்த சீட்டைப் படித்தார். சக்கர நாற்காலியில் இருந்தவருக்குக் கிடைத்தது வெற்று மாத்திரை இல்லை, நிஜ மருந்துதான் என்றார்.

நாற்காலியில் இருந்தவர் கோணிப்போன வாயோடு பெருமையாகச் சிரித்தார்.

பக்கத்தில் நின்ற மனைவி சிரிக்கவில்லை.

பக்கவாதம் வராமல் தடுக்கும் புது மருந்துக்கான ஆய்வு அது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்பது ஆய்வு முடியும்வரை டாக்டருக்கே தெரியாது.

அவள் கணவர் முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். ஒரு கால்புள்ளிகூட அவர் கண்ணுக்குத் தப்பாது. ஆய்வில் சேர்ந்த பிறகு, காலையில் மாத்திரையை விழுங்கி, கொடுத்த குறிப்பேட்டில் தன் கையால் டிக் போட்ட பிறகுதான் பேப்பரைப் பிரிப்பார்.

பதினோராம் மாதம் பக்கவாதம் அவரைச் சாய்த்தது. வலது கை விழுந்தது. பேச்சும் போனது.

டாக்டர் குறிப்பேட்டைப் புரட்டிக் காட்டினார். ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. இத்தனை ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கே வந்துவிட்டதே என்று நொந்துகொண்டார். மருந்து சாப்பிட்ட இன்னும் சிலருக்கும் இப்படியே வந்ததில், அதனால் பயனில்லை என்று முடிவாகிவிட்டதாம். இன்னும் நாலைந்து பேருக்கு வராமல் இருந்திருந்தால் மருந்து தேறியிருக்கும், மயிரிழையில் தவறிப்போய்விட்டது, இனி அந்த மருந்தை யாரும் தொடமாட்டார்கள் என்றார்.

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். வராந்தாவில் வெயில் படாத இடமாகப் பார்த்து நிறுத்தினாள். நழுவியிருந்த போர்வையை அவர் முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டாள்.

திரும்பி வந்து கதவைச் சாத்தினாள்.

"அவர் மேல ஒரு தப்பும் இல்ல டாக்டர். நான்தான் மருந்தைக் கொடுக்கல."

அதன் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. இரண்டாம் மாதம் குளியலறையில் தலைசுற்றி விழுந்து நெற்றியைப் பிளந்துகொண்டார். இந்த மாத்திரைதான் ஆளை உருக்குகிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ஆய்வை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினாள். வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்று அவர் அசையவில்லை.

தெருமுனைக் கடையில் அதே நிறத்தில், அதே அளவில் சத்து மாத்திரை கிடைத்தது. தினமும் ஒன்றாக மருந்தை வாஷ்பேசினில் கரைத்தாள். அவள் உள்ளங்கையில் நீட்டியதை அவர் எடுத்து விழுங்கினார், டிக் போட்டார்.

ஆம்புலன்ஸில் போகும்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்றுவரை அவரிடமும் சொல்லவில்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அவர் திட்டவில்லை. குறிப்பேட்டை மூடி, அதன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வாரத்துல இப்படி வந்து சொல்றதுல நீங்க நாலாவது ஆள்மா."