நூற்று முப்பதுக்குக் கீழே

இயந்திரம் 146 என்று காட்டியது.

தேவிஸ்ரீ அந்த எண்ணை ஒருமுறைதான் பார்த்தாள். பிறகு மேற்கையில் சுற்றியிருந்த பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓடி வந்தீங்களாக்கா?" என்று கேட்டாள் தாதி கலைமகள். அவள் இந்தக் கிளினிக்குக்கு மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"இல்ல மிஸ்ஸி. காடி போட எடம் கெடைக்கல. தூரத்துல போட்டுட்டு நடந்து வந்தேன்."

காரைத் தூரத்தில் நிறுத்தியது பொய்யில்லை. ஆனால் நெஞ்சு படபடத்தது அதனால் அல்ல. இன்று குழந்தைகளுக்கு ஊசி போடும் நாள். கூடம் முழுக்க ஒரே அழுகை.

"அஞ்சு நிமிஷம் பேசாம உக்காந்திருங்க. இன்னொருவாட்டி எடுக்கலாம்லா."

டாக்டர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். தொடர்ந்து மூன்று மாதம், மூன்று முறையும், ரத்த அழுத்தம் நூற்று முப்பதுக்குக் கீழே இருக்க வேண்டும். போன இரண்டு மாதமும் இருந்தது. இன்று தவறினால் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

தேவிஸ்ரீ இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி வைத்தாள்.

அவளுக்கு வயது இருபத்தேழு.

புக்கிட் காத்தில் தாமான் என்ற குடியிருப்புக்கு அவளும் கணவனும் குடிவந்து ஒரு வருடம்தான். பக்கத்து வீட்டுப் பெரியநாயகி அக்கா ஒருநாள் கருவாட்டுச் சம்பல் கொண்டு வந்து கொடுத்தபோது, பிரஷர் இருக்கிறது, வேண்டாம் என்று தேவிஸ்ரீ சொன்னாள்.

"ஒனக்கா? இந்த வயசுல ஏதும்மா பிரஷர்? மெஷினு கெட்டுப் போயிருக்கும்!"

ஒரு காலத்தில் அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. பிரஷர் என்பது நரைத்த தலைகளுக்கு வருவது. அப்போது அவள் எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. தொழிற்சாலைக் கேன்டீனில் காலையில் நாசி லெமாக் சோறு, பத்து மணிக்குத் தே தாரிக் தேநீர், வேலை முடிந்து சுகுமாரனோடு சாலையோரக் கடையில் மீ கோரெங் நூடுல்ஸ். கணவனும் மனைவியும் சிரித்துப் பேசிச் சாப்பிட்ட நாட்கள் அவை. உடம்புக்குள் எதுவும் சத்தம் போடவில்லை.

பத்து மாதத்துக்கு முன்பு நடக்கத் தொடங்கினாள்.

முதல் வாரம் தாமான் திடலை இரண்டு சுற்றுகூடச் சுற்ற முடியவில்லை. கால்பந்துக் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். மறுநாளும் போனாள். மழை பெய்த நாட்களில் கார் நிறுத்தும் கூரைக்கடியில் முன்னும் பின்னுமாக நடந்தாள். சோயா சாஸ் போத்தலும் மேகி பொட்டலங்களும் வீட்டைவிட்டுப் போயின. சுங்கை ஊடாங்கில் ஷிப்டு வேலை பார்க்கும் சுகுமாரன், தன் அம்மா அனுப்பிய கருவாட்டைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் பெரியநாயகி அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தான். தனக்கும் உப்புக் குறைவாகவே போடச் சொன்னான்.

ஒரு மதியம் உப்பு சப்பில்லாத கீரையின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்துவிட்டுத் தட்டைக் காலி செய்தாள்.

எழுபத்துநான்கு கிலோவுக்கு இறங்கியபோது பெரியநாயகி அக்கா வேலியோரம் நின்று, "கல்யாணந்தான் ஆயிருச்சேம்மா, இன்னும் எதுக்கு இப்படி எளைக்கிற?" என்று சிரித்தார்.

தேவிஸ்ரீயும் சிரித்தாள். ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டு திடலுக்குப் போனாள்.

கதவுக்கு வெளியே இன்னொரு குழந்தை வீறிட்டது.

இதுவரை அவள் காதை வேறெங்கோ திருப்பி வைத்திருந்தாள். இப்போது வேண்டுமென்றே கேட்டாள். அழட்டும். இந்தச் சத்தத்துக்கு நான் நடுங்கக் கூடாது. மூச்சை இழுத்தாள். மெல்ல விட்டாள். வெளியே அழுகை விக்கலாகி, அந்தத் தாயின் சமாதானக் குரலுக்குள் அடங்கியது. தேவிஸ்ரீயின் தோள்கள் தளர்ந்தன.

கலைமகள் பொத்தானை அழுத்தினாள். பட்டை இறுகி, நின்று, விட்டு விட்டுத் தளர்ந்தது.

124. கீழே 76.

"பாத்தீங்களா!" கலைமகளுக்கே மகிழ்ச்சி தாங்கவில்லை. "மூணு மாசமும் சரியா இருக்கு. டாக்டர் இன்னிக்கே ஓகே சொல்லிருவாங்க."

அவள் புதிய படிவம் ஒன்றை எடுத்து நிரப்பத் தொடங்கினாள். பெயர். வயது. எடை. உயரம்.

"இனிமே தைரியமா பிள்ள பெத்துக்கலாங்க்கா. இது எத்தனாவது? மொதலா?"

"ரெண்டாவது."

"ஓ! மூத்தது இருக்கா? என்னா வயசு? இப்ப யாரு பாத்துக்கிறா?"

தேவிஸ்ரீயின் குரல் நடுங்கவில்லை.

"பொண்ணு. எனக்குப் பிரஷர் நூத்தி எம்பதுக்கு மேல போயி, ஏழாவது மாசத்துலயே எடுத்துட்டாங்க. ஒன்றர நாளு இருந்தா."

கலைமகளின் பேனா தாளுக்கு மேலேயே நின்றுவிட்டது. கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் அவள் தலையை நிமிர்த்தினாள்.

தேவிஸ்ரீ கையிலிருந்த பட்டையைத் தானே அவிழ்த்து மேசைமேல் வைத்தாள்.

"எழுதுங்க மிஸ்ஸி. ரெண்டாவதுன்னே எழுதுங்க."