பவளத்துக்குள் பாசி

"அந்த நம்பர் பெட்டியை மூடுடா."

பேரனின் கம்ப்யூட்டர் திரையில் படத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. நம்பரைப் பார்த்து நிறம் சொல்ல எந்தக் கழுதைக்கும் வரும்.

சேனோ என் மகள் வயிற்றுப் பேரன். தெகால் ஊர்ச் சட்டை அச்சடிப்புக்காரர்களுக்குக் கம்ப்யூட்டரில் படம் போட்டு விற்கிறான். ஒரு சுருள் குட்டி போடும், அந்தக் குட்டி குட்டி போடும், முடிவே கிடையாது. அதன்மேல் இன்னோர் அடுக்கு. அதற்கும் மேல் ஒன்று. எனக்கு இதிலெல்லாம் துளி நம்பிக்கை இல்லை.

ஆனாலும் உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை அவனுக்குக் கப்பல் பள்ளியில் கண் பரிசோதனை. அதில் தோற்றால் கப்பல் கனவு அதோடு போச்சு.

பையனுக்குக் கழுகுக் கண் என்று மகள் வார்த்தி தெருவெல்லாம் சொல்லித் திரிகிறாள். கழுகுக்குத் தூரம் தெரியும். என் கவலை தூரம் இல்லை.

சேனோ சிரித்துக்கொண்டே பெட்டியை மூடினான். கீழே நீளமாக ஒரு நிறப்பட்டை, அதில் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒன்றைப் பிடித்து இழுத்தால் அந்த அடுக்கே நிறம் மாறுமாம்.

மேலடுக்கு பவளச் சிவப்பு, அடியில் பாசிப் பச்சை, இரண்டும் குழம்பிக் கிடக்கிறது, பிரிக்கணும் என்றான்.

எதை எதிலிருந்து என்று கேட்டேன். கிண்டல் என்று நினைத்துக்கொண்டான்.

புள்ளியை இம்மி நகர்த்தினான். உதட்டைக் கடித்தான். கொஞ்சம் பின்னால் இழுத்தான். அப்புறம் சாய்ந்து உட்கார்ந்தான்.

"இப்ப பாருங்க தாத்தா. பாசிக்குள்ள இருந்து சிவப்பு தனியா கழண்டு வந்துருச்சு." ஒரு கொடிபோல் விரலால் வரைந்து காட்டினான்.

நான் நம்பவில்லை. காரணம் சொல்லாமல் வார்த்தியைக் கூப்பிட்டு, இதில் சிவப்பு எங்கே என்றேன்.

அடுப்பில் மீன் கருகுது, இந்த வயசில் உங்களுக்குப் படம் கேக்குதா என்று திட்டியபடியே திரையில் விரலை வைத்தாள். அதே கொடி. அதே வளைவு. தப்பவில்லை.

அப்போதுதான் மூச்சு வந்தது.

எனக்கு முதலிலிருந்து கடைசிவரை ஒரே சாணி நிறம்தான். அந்தக் காலத்தில் கப்பல் டாக்டர் என் முன்னால் விரித்த புள்ளிப் புத்தகமும் அப்படித்தான் இருந்தது. உனக்கு மகள் பிறந்து அவளுக்குப் பையன் பிறந்தால் அவனுக்கும் இந்த நிறக்குருடு வரலாம் என்று சொல்லித்தான் அவர் என்னைத் திருப்பி அனுப்பினார்.

நல்ல சிவப்புடா என்று சேனோவிடம் சொன்னேன்.