இரட்டை நாற்காலி

பாவ்நகரில் மச்சினன் கல்யாணம். ரம்ணிக்பாய் வழக்கம்போல ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்குள் இன்னொன்றைச் செருகி, மெல்ல உட்கார்ந்தார்.

"நாற்காலி பத்தலை பாய், அதுல ஒண்ணைக் கொடுங்களேன்" என்றார் பெண்வீட்டு மாமா.

"ஒடிஞ்சு விழுந்தா ஊரே சிரிக்கும். மூணு வருஷம் முன்னாடி ஒரு கல்யாணத்துல பட்டது போதும்."

"நீங்க உக்காந்தா ஒடியுமா? முதல்ல ரெண்டு ஜிலேபி சாப்பிடுங்க, ஃபேன் காத்துல பறந்துடப் போறீங்க!"

கேலியா, நிஜமா? ஒன்றும் விளங்காமல் மனைவியைப் பார்த்தார்.

"ஏங்க, உடம்பு குறைய வயித்துல ஆபரேஷன் பண்ணி ரெண்டு வருஷமாச்சு. இப்ப நீங்க அறுபது கிலோதான்" என்று கிசுகிசுத்தாள் ஹன்சா.

ஒன்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மற்றதில் உட்கார்ந்தார் ரம்ணிக்பாய். கரைந்துபோன நூறு கிலோவை இன்னும் தொடைகளிலேயே தாங்கிக்கொண்டு, பட்டும் படாமலும்.