ஏரி பார்த்த மேஜை

கலியமூர்த்தி தன் இட்லித் தட்டைக் கைக்குட்டையால் மூடினார்.



மாப்பிள்ளையின் அப்பா அவர். மனைவி மைதிலியோடு நேற்று மாலைதான் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். இன்று பத்து மணிக்குக் கள்ளிக்குப்பத்தில் எங்கள் ஃப்ளாட்டில் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. இரண்டு வரன்கள் கடைசி நேரத்தில் தட்டிப்போய், இனிமேல் யார் முன்னாலும் புடவை கட்டிக்கொண்டு வந்து நிற்க மாட்டேன் என்று என் பெண் கனிமொழி சொன்ன பிறகு அமைந்த இடம்.

முதல் தடவை போனில் பேசும்போதே, சுத்தம்தான் எங்களுக்கு முக்கியம், நகை நட்டெல்லாம் அப்புறம் என்று சொன்ன மனிதர். குடிக்கிற டம்ளரைக்கூட ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தார்.

அப்படிப்பட்டவரைத்தான் இந்த ஏரிக்கரை ஹோட்டலில் தங்க வைத்தேன். வீட்டில் உங்களுக்கு வசதிப்படாது என்று சொல்லிச் சமாளித்தேன். துணைக்கு நானும் பக்கத்து அறையில் படுத்தேன்.

எங்கே படுத்தேன்? ஜன்னலைத் திறந்தால் கொசு. மூடினால் பூஞ்சை நெடி. துண்டை உதறினால் யாருடையதோ நீளமான முடி. ஹோட்டல் விளம்பரப் படத்தில் ஏரி நீலமாக இருந்தது. காலையில் திரையை விலக்கினால் பச்சை. ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. ஓரத்தில் சாம்பல் நிற நுரை ஒதுங்கி, அதில் ஒற்றைச் செருப்பும் ஒரு டயப்பரும் மிதந்தன.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஏரி பார்த்த மேஜை என்று பெருமையாக உட்கார வைத்தார்களே, அங்கே இட்லி வந்ததும் கூடவே வந்தது அந்த நாற்றம்.

என்ன நாற்றம் என்று மென்று விழுங்க வேண்டியதில்லை. மலம். சட்னியில் அது, சாம்பாரில் அது. வாயைத் திறந்தால் நாக்கிலேயே வந்து உட்கார்ந்தது. மைதிலி அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கைகழுவும் இடத்துக்கு ஓடினார். அவர் ஓங்கரிப்பது எல்லா மேஜைக்கும் கேட்டது.

நான் சர்வர் மேல் பாய்ந்தேன். சட்டையில் நிர்மல் என்று பெயர் குத்தியிருந்தான். சம்பந்தி வீட்டார் பார்க்க வேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் சத்தமாகப் பாய்ந்தேன். உன் பேரையும் சேர்த்துப் போட்டு நாறடிக்கிறேன் பார் என்று போனை எடுத்து ஹோட்டலுக்கு ஒற்றை நட்சத்திர மதிப்பீடு தட்டினேன்.

அவன் முகம் சுண்டிப்போனது. "பேர் மட்டும் போடாதீங்க சார், வேலை பூடும். லாரிக்காரனுங்க கொண்டாந்து ஊத்துறானுங்கோ, நாங்க இன்னா பண்றது? எப்பவும் இருட்லதான் வருவானுங்கோ. இன்னிக்கு எவனோ விடிஞ்சப்புறம் வந்துகீறான்."

கலியமூர்த்தி எழுந்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, வாங்க பார்ப்போம் என்றார்.

கரை ஏறியதும் தெரிந்தது. ஹோட்டல் சுவரை ஒட்டி ஒரு மஞ்சள் டேங்கர். அதன் பின்பக்கம் யானைத் தும்பிக்கை மாதிரி குழாய். கறுப்பும் மஞ்சளுமாகக் கொப்பளித்து ஏரிக்குள் விழுந்துகொண்டிருந்தது. விழுந்த இடத்தில் ஈக்கள் மொய்த்தன. 

குமட்டலை அடக்கிக்கொண்டு வீடியோ எடுக்க ஆரம்பித்தேன். தேதி சொன்னேன், நேரம் சொன்னேன். இவர்களும் சோற்றைத்தானே தின்கிறார்கள், இந்தத் தண்ணீரைத்தானே இவர்கள் பிள்ளைகளும் நாளைக்குக் குடிக்கும் என்று காறித் துப்பினேன். நடிப்பில்லை. உண்மையாகவே அருவருப்பு.

கலியமூர்த்தி என் தோளில் கை வைத்தார்.

"உங்களை மாதிரி நாலு பேர் கேட்டாத்தான் இவனுங்க திருந்துவானுங்க, சம்பந்தி."

சம்பந்தி. முதல் தடவையாக வாய் நிறைய அப்படிக் கூப்பிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கனிமொழிக்குக் கல்யாணமே முடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

அப்போதுதான் குழாயைப் பிடித்திருந்த ஆள் திரும்பினான். என்னைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கையைத் தூக்கினான்.

தேவா.

"சார்! உங்க ஃப்ளாட்டு லோடுதான் சார் இது. ஊட்ல விசேஷம், நாத்தமே இருக்கக்கூடாதுன்னு நேத்து அப்டிக் கெஞ்சினீங்களே. அதான் ஆறு மணிக்கே வந்து, சுத்தமா உறிஞ்சிக்கினு வந்துட்டேன்!"

எங்கள் வீடு மூன்று படுக்கையறை; இடமில்லாமல் அவர்களை ஹோட்டலில் தங்க வைக்கவில்லை. நான்கு நாளாகக் கழிவுத்தொட்டி பொங்கி, கார் நிறுத்துமிடம் முழுக்கத் தேங்கி நின்றது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் நான்தான். ஏழு லாரிக்காரர்களிடம் பேசி, கடைசியில் வருகிறேன் என்றவன் இவன். எங்கே கொண்டுபோய் ஊற்றுவாய் என்று நான் கேட்கவில்லை. இதுவரை ஒரு தடவையும் கேட்டதில்லை.

வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேலே என் மனைவி வசந்தகுமாரியின் செய்தி வந்து நின்றது.

"இப்ப நாத்தமே இல்லைங்க. அவங்களை அழைச்சிட்டு வாங்க."

கலியமூர்த்தியும் அதைப் படித்தார்.

என் தோளிலிருந்து கையை எடுத்தார். மூக்கில் வைத்திருந்த கைக்குட்டையை விரித்து, அந்தக் கையை விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார்.