காஸ் இருநூற்றுப் பத்து

"சைன் நூத்தம்பது?" வாண்டா டீச்சரின் தலைக்குப் பின்னாலிருந்து கேட்டான் யூரெக், போலந்தின் லுப்ளின் நகரப் பள்ளியில் அவரிடம் படித்தவன்.

"அரை."

"டேன் இருநூத்தி இருபத்தஞ்சு?"

"ஒண்ணு. சட்டுனு கேளுடா! அன்னிக்கு நீ பதில் சொல்ல இழுத்த இழுப்பு போதாதா?"

கண்ணை மூடினால் போதும், ஓரலகு ஆரமுள்ள வட்டம் டீச்சரின் மனதில் வந்து நிற்கும். கோணத்தைத் திருப்பி, புள்ளியைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

"காஸ் இருநூத்திப் பத்து?"

வட்டத்தைக் காணவில்லை.

"அது... ஒண்ணு... இல்ல, ரெண்டு..." முப்பது வருடம் பாடம் நடத்தியவருக்கு அவமானமாகப் போயிற்று.

"அருமை டீச்சர்!" யூரெக் குதூகலித்தான்.

"கிண்டலா?"

"சத்தியமா இல்ல." பக்கத்தில் நின்ற நர்ஸிடம் திரும்பினான். "மின்சாரக் கம்பியால இங்க தொட்டா கணக்கு மறைஞ்சுடுது. மூளையில இந்த இடத்துல கத்தி படவே கூடாது. கட்டியை அந்தப் பக்கமா எடுத்துடலாம்."

கம்பியை விலக்கினான். ஆபரேஷன் மேஜையில் மயக்கமில்லாமல் படுத்திருந்த டீச்சருக்கு வட்டம் திரும்பி வந்தது.

"மைனஸ் ரூட் மூணு பை ரெண்டு! செப்டம்பர்ல பள்ளி திறந்ததும் கிளாஸுக்குப் போயிடலாமாடா?"

"தாராளமா. விடை மைனஸ் புள்ளி எட்டு ஆறு ஆறுதானே டீச்சர்?"

"தசமத்துல சொன்னா இன்னிக்கும் உனக்கு முட்டைதான்!"