பழைய மாடல்தானே?

“இந்தத் துப்பாக்கி தானாவே வெடிக்குமா சார்?”

கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டுச் செண்பகம் இரண்டடி தள்ளி நின்றாள். படத்தில் இருக்கிற துப்பாக்கியே வெடித்துவிடும் என்று பயந்தவள் போல இருந்தாள்.

பேரின்பநாதன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். கனடாவில், மொன்றியல் துறைமுகப் பக்கம் ஒரு வேட்டைக் கடையில் துப்பாக்கி திருத்துவது அவர் வேலை. பதினெட்டு வருடமாக அதே மேசை, ஆனால் ஒரு வாத்தைக்கூடச் சுட்டதில்லை. மனிதர் சுத்த சைவம். அங்கே தமிழ் பேசுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொல்லி, இந்தத் தமிழ்நாட்டுப் பெண் அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிற நேரம் பார்த்து வந்திருந்தாள்.

“துவக்கைக் கொண்டு வரேல்லையோ, தங்கச்சி?”

“இல்ல சார், படம் மட்டும்தான் இருக்கு. வாங்கினப்போ பதிவு பண்றதுக்காக என் வீட்டுக்காரர் எடுத்தது.”

“அதுவும் நல்லதுதான். லைசன்ஸ் இல்லாத ஆக்கள் அதைத் தூக்கிக்கொண்டு திரியக்கூடாது.” விவரம் தெரிந்த பெண் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

பம்ப் துவக்கு. முன்பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். எத்தனை கை மாறி வந்ததோ, மரப்பிடியெல்லாம் கீறல்.

“உங்கட அவர் வேட்டைக்குப் போறவரோ?”

“வாத்து சுட. ஆபீஸ் நண்பர்கள் பழக்கிவிட்டாங்க.” அவள் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். “என் தம்பி தமிழ்மாறன் இங்க படிக்க வந்தவன். அவனுக்குத் துப்பாக்கின்னாலே ஆகாது. இவர்தான் வேட்டைக்கு வா வான்னு கூப்பிட்டார். ரெண்டு பேருக்கும் மாசக்கணக்கா பேச்சுவார்த்தையே இல்ல சார். திடீர்னு கூப்பிட்டார்.”

பேரின்பநாதன் சாப்பாட்டுப் பெட்டியை மூடி ஒதுக்கி வைத்தார். பகை புகுந்த வீட்டில் துவக்கு இருப்பதே நல்லதல்ல. அதுவும் கோளாறு பிடித்த துவக்கு என்றால்?

“நெட்ல படிச்சேன்,” என்றாள். “இதுல ரெண்டு மாடல் உண்டாமே?”

“ஓம். பேர் ஒண்டுதான், சாமான் ரெண்டு விதம். பழசில பிழை இருந்தது. பம்பைத் தள்ளி மூடேக்கை, விசையில கை படாமலே சிலவேளை வெடிச்சுப்போடும். பிறகுதான் கொம்பனி திருத்தினது.”

முதல் படத்தை விரல்களால் பெரிதாக்கினார். குழலின் அடியில், செய்த வருடத்தைக் காட்டும் முத்திரை தெளிவாகத் தெரிந்தது. பொய் சொல்லி ஆறுதல் கொடுக்க அவருக்கு வராது.

“இது பழைய மொடல், தங்கச்சி.”

செண்பகத்தின் முகம் மலர்ந்தது. இரண்டு கைகளையும் நெஞ்சில் சேர்த்துக்கொண்டாள். “நிஜமாவா சார்? பழைய மாடல்தானே? எழுதித் தருவீங்களா?”

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கூடப்பிறந்தவனின் உயிர் விஷயம், இவளுக்கு என்ன சந்தோஷம் வேண்டிக்கிடக்கிறது? பிறகு, பயத்தில் சிலருக்கு இப்படித்தான் மூளை குழம்பும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

கைப்பேசி அதிர்ந்தது. ‘சௌந்தர்’ என்று பெயர் வந்தது. அவள் அவசரமாகத் துண்டித்தாள்.

“என் வீட்டுக்காரர். வெளிய கார்ல இருக்கார். பக்கத்து டெப்பனர் கடைல பால் வாங்கிட்டு வரேன்னு சொல்லிட்டு வந்தேன். நான் இங்க வந்தது தெரியக்கூடாது சார்.”

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஒரு கறுப்புக் கார் இயந்திரம் ஓடியபடி நின்றது. பேரின்பநாதனுக்கும் அவசரம் தொற்றிக்கொண்டது. அடுத்த படத்துக்குத் தள்ளியவரின் விரல் அப்படியே நின்றது.

“பொறுங்கோ. துவக்கின்ர உடம்பில வேற மாதிரி நம்பர் கிடக்கு.”

சுவரில் ஒட்டியிருந்த எண் பட்டியலோடு அதை ஒரு தரம் பார்த்தார், இரண்டாம் தரமும் பார்த்தார். எழுந்துபோய் விளக்கைப் போட்டுவிட்டு மூன்றாம் தரம் பார்த்தார்.

“குழல் பழசு, உடம்பு புதுசு. முந்தி வைச்சிருந்த ஆரோ குழலைக் கழட்டி மாத்திப் பூட்டியிருக்கினம். கைமாறின சாமானில இது நடக்கிறதுதான். விசை, சுத்தியல் எல்லாம் உடம்புக்குள்ளதானே? அது கொம்பனி திருத்தினாப்பிறகு செய்தது.”

“இல்ல சார். இன்னொரு தடவை பாருங்க. பழைய மாடலாத்தான் இருக்கும்.”

“மூண்டு தரம் பாத்திட்டன். இதுதான் என்ர தொழில்.”

“ப்ளீஸ் சார்.”

பாவம், பயம் இன்னும் தெளியவில்லை. பேரின்பநாதன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தன் தங்கைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்.

“சத்தியமாச் சொல்லுறன். விசையை விரலால இழுக்காமல் இந்தத் துவக்கு வெடிக்கவே வெடிக்காது. தம்பியை ஒரு பயமும் இல்லாமல் அனுப்புங்கோ.”

கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. இந்த முறை அவள் எடுக்கவும் இல்லை, துண்டிக்கவும் இல்லை. கதவுக்கு வெளியே அந்தக் காரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்போ, துப்பாக்கி தானா வெடிச்சுத்தான் என் தம்பி செத்தான்னு இவர் போலீஸ்ல சொன்னது பொய்.”